தொழிற்பயிற்சியின் தரம் என்றால் என்ன? ஒரு வெல்டரின் இரண்டு சான்றிதழ்களை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

திருச்சிராப்பள்ளியில் மக்கள் ‘பெல்’ என்று அழைக்கும் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையையும், அதை நம்பித் துவாக்குடி, திருவெறும்பூர் வட்டாரத்தில் வளர்ந்த உற்பத்திக் கூடங்களையும் அறிந்தவர்களுக்கு ஒரு நடைமுறை நன்கு தெரியும். ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஓராண்டு வெல்டர் பிரிவில் பயின்று, அகில இந்தியத் தொழிற்தேர்வில் தேறி, தேசிய தொழிற்சான்றிதழ் பெற்று வரும் இளைஞரை, கொதிகலனின் அழுத்தம் தாங்கும் குழாயில் உடனே பற்றவைக்க விடமாட்டார்கள். இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறைகள், 1950 வகுத்துள்ள வெல்டர் தகுதித் தேர்வில் அவர் தனியே தேறியாக வேண்டும். அப்படித் தேறிப் பெறும் சான்றிதழும் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் புதுப்பிக்க வேண்டும். கை ஒன்று, தொழில் ஒன்று. அரசின் முத்திரை பெற்ற சான்றிதழ்கள் மட்டும் ஏன் இரண்டு? தொழிற்பயிற்சியின் தரம் என்னும் கருத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவது எளிது.

இரண்டாவது சான்றிதழ் மிகக் குறைவாகவே பேசுகிறது. ஆனால் பேசுவதைத் துல்லியமாகப் பேசுகிறது. எந்த வெல்டிங் முறை, எந்த வகை உலோகம், எவ்வளவு கனம், எந்த நிலை என்ற நான்கையும் அது வரையறுக்கிறது. நிலை என்பது இங்கே முக்கியமானது. மேசைமேல் கிடத்திய தகட்டில் பற்றவைப்பது 1ஜி. செங்குத்தாக நிற்கும் இணைப்பில் பற்றவைப்பது 3ஜி. தலைக்கு மேலே இருப்பது 4ஜி. 45 பாகை சாய்வில் அசையாமல் நிறுத்திய குழாயைச் சுற்றிச் சுற்றிப் பற்றவைப்பது 6ஜி. உருகிய உலோகத்தைப் புவியீர்ப்பு ஒவ்வொரு நிலையிலும் வெவ்வேறு பக்கம் இழுப்பதால், 1ஜியில் தேர்ந்த கைக்கு 6ஜி தானாக வந்துவிடுவதில்லை. தேர்வில் வெல்டர் ஒரு மாதிரித் துண்டைப் பற்றவைக்கிறார். அதன் உட்புறம் எக்ஸ்-கதிர்ப் படத்தில் பார்க்கப்படுகிறது, அல்லது துண்டிலிருந்து பட்டைகள் வெட்டி எடுக்கப்பட்டு 180 பாகைக்கு வளைக்கப்படுகின்றன. வளைவில் 3 மில்லிமீட்டருக்கு மேல் ஒரு வெடிப்பு திறந்தால் அவர் தேறவில்லை. அங்கே விண்ணப்பதாரரின் பேச்சுக்கும் பரிந்துரைக்கும் வேலை இல்லை. உலகெங்கும் பின்பற்றப்படும் அமெரிக்க இயந்திரவியல் பொறியாளர் சங்கத்தின் நெறிமுறை இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஒரு வெல்டிங் முறையை ஆறு மாதம் தொடர்ந்து பயன்படுத்தாத வெல்டரின் தகுதி, அந்த முறையைப் பொறுத்தவரை காலாவதியாகிவிடுகிறது.

முதல் சான்றிதழின் இயல்பு வேறு. எட்டாம் வகுப்பு முடித்த ஒருவரை எடுத்து, வெல்டிங்கின் பல முறைகளையும், பாதுகாப்பையும், வரைபடம் படிப்பதையும், அடிப்படைக் கணக்கையும் கற்பித்து அனுப்புவது அதன் நோக்கம். அது அடித்தளம்; ஆகவே அகலமாக இருப்பதில் தவறில்லை. சிக்கல் வேறொரு இடத்தில் இருக்கிறது. கொதிகலன் சான்றிதழைப் பார்த்தவுடன் இவரை எந்த வேலையில் நிறுத்தலாம் என்று மேற்பார்வையாளருக்குத் தெரிந்துவிடுகிறது. ஐ.டி.ஐ. சான்றிதழைப் பார்த்து அப்படித் தெரிந்துகொள்ள முடியாததால், ஒவ்வொரு நிறுவனமும் தன் வாசலில் மறுபடியும் ஒரு தேர்வு வைக்கிறது. பலவேளைகளில் மறுபடியும் பயிற்சியும் தருகிறது. இதிலிருந்து தரத்துக்கு ஒரு வேலைக்கேற்ற வரையறை கிடைக்கிறது. சான்றிதழ் எதைச் செய்யத் தெரியும் என்று சொல்கிறதோ, அதைப் பயிற்றுநர் அருகில் இல்லாத இடத்தில், அறியாத இயந்திரத்தில், கெடு நெருங்கும் நேரத்திலும் செய்ய முடிகிறதா என்பதே தரம். கட்டடம், சேர்க்கை, தேர்ச்சி விழுக்காடு ஆகியவை அதற்குத் துணை செய்யலாம்; அவற்றை அளந்துவிட்டுத் தரத்தை அளந்ததாக நினைப்பதே நம் நாட்டில் நெடுங்காலமாக நடந்துவரும் பிழை.

தரநிலையை எழுதுவது

தரம் எங்கே தொடங்குகிறது என்றால், கற்பவருக்கு முடிவில் என்ன செய்யத் தெரிய வேண்டும் என்று எழுதிவைக்கும் தாளில். இந்தியாவில் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950-ல் தொடங்கியது. பாடத்திட்டத்தையும் சான்றிதழையும் மேற்பார்க்க 1956-ல் தேசியக் குழு ஒன்று அமைந்தது. அக்காலத்துப் பாடத்திட்டங்கள் பெரும்பாலும் எதை, எத்தனை வாரம் கற்பிக்க வேண்டும் என்று பேசின. 2013 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு, கற்பித்ததை விட்டுவிட்டு, கற்றவருக்கு என்ன செய்ய முடிகிறது என்பதை அளவுகோலாக்க முயன்றது. தொடக்கத்தில் அதில் பத்து நிலைகள் இருந்தன; 2023-ல் அவை எட்டாகச் சுருக்கப்பட்டன.

நன்றாக எழுதப்பட்ட தரநிலைக்கு ஐ.டி.ஐ.யின் ஃபிட்டர் பாடத்திட்டமே உதாரணம். தொடக்கத்தில் அடையாளமிடுதல், ஹேக்சாவால் அறுத்தல், அரத்தால் அராவுதல், துளையிடுதல் ஆகியவற்றில் கூட்டியோ குறைத்தோ 0.25 மில்லிமீட்டருக்குள் வேலை நிற்க வேண்டும் என்று அது சொல்கிறது. பின்னர் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தும் துண்டுகளைச் செய்யும் கட்டத்தில் அந்த வரம்பு 0.04 மில்லிமீட்டராகவும், கோணத்தில் அரைப் பாகையாகவும் இறுகுகிறது. இப்படி எழுதியதை வாதிட்டு மாற்ற முடியாது. 0.02 மில்லிமீட்டர் வரை காட்டும் ஒரு வெர்னியர் காலிப்பரை எடுத்து வைத்தால், பயிற்றுநர், மாணவர், தேர்வாளர் மூவரும் ஒரே எண்ணைத்தான் படிப்பார்கள். இதற்கு எதிர்முனையில், ‘வாடிக்கையாளரிடம் சிறப்பாக நடந்துகொள்வார்’ என்பது போன்ற தரநிலைகள் சேவைத் துறைப் பாடங்களில் நிறைந்திருக்கின்றன. சில்லறை விற்பனை, விருந்தோம்பல் போன்ற தொழில்களுக்கு மில்லிமீட்டர் பொருந்தாது என்பது உண்மைதான். ஆனாலும் எந்தச் சூழலில், என்ன நடந்தால், எவ்வளவு நேரத்துக்குள், எதைச் செய்ய வேண்டும் என்றாவது எழுத முடியும். அதுகூட இல்லாத தாளை வைத்துக்கொண்டு நடத்தும் தேர்வில் யார் வேண்டுமானாலும் தேறலாம், யார் வேண்டுமானாலும் தோற்கலாம்.

கை எவ்வளவு நேரம் வேலை செய்தது

தரநிலை எழுதியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அதை அடைய எவ்வளவு நேரம் வேண்டும்? 2022-ல் திருத்தப்பட்ட பாடத்திட்டத்தின்படி ஐ.டி.ஐ.யில் ஓராண்டுக்கு 1,200 மணி நேரம்; முதலாண்டில் அதில் 840 மணி செய்முறை, 240 மணி தொழிற்பாடம், 120 மணி வேலைவாய்ப்புத் திறன்கள். இவை போக ஆண்டுக்கு 150 மணி நேரம் அருகிலுள்ள தொழிற்சாலையில் நேரடிப் பயிற்சி பெற வேண்டும். காகிதத்தில் பார்த்தால் குறைவில்லை.

ஆனால் 840 மணி நேரம் என்பது வகுப்பின் நேரம். ஒரு மாணவரின் கையின் நேரம் வேறு. 20 பேர் கொண்ட ஒரு பிரிவுக்கு வேலை செய்யும் நிலையில் ஐந்து வெல்டிங் பூத்கள் மட்டும் இருந்தால், ஒருவருக்குக் கிடைப்பது அதிகபட்சம் நான்கில் ஒரு பங்கு, அதாவது 210 மணி. அதிலும் தகட்டை வெட்டுவது, விளிம்பைச் சீவுவது, இருத்திக் கட்டுவது, வெல்டின் மேல் படியும் கசடைத் தட்டுவது, மின்சாரம் வரும்வரை காத்திருப்பது எல்லாம் கழிந்தபின், உலோகத்தை உருக்கும் மின்சுடரான ஆர்க் எரியும் நேரம் எவ்வளவு மிஞ்சும் என்று எண்ணிப் பார்க்கலாம். வெல்டிங் என்பது கண், மணிக்கட்டு, மூச்சு மூன்றும் ஒரு சீரில் பழகும் வேலை. உருகி இணைப்பில் சேரும் கம்பியான எலக்ட்ரோடின் முனைக்கும் தகட்டுக்கும் இடையே உள்ள இடைவெளியை, எலக்ட்ரோடு எரிந்து குறுகக் குறுக, ஒரே அளவில் வைத்திருக்கக் கை தானாகக் கற்றுக்கொள்ள வேண்டும். அதை விளக்கிச் சொல்லி வரவழைக்க முடியாது. எரித்துத்தான் வரவழைக்க வேண்டும்.

ஆகவே ஒரு வெல்டர் பிரிவின் தரத்தை அறிய விரும்புபவர் முதலில் கேட்க வேண்டியது அதன் ஸ்டோர் பதிவேடு என்பது என் கருத்து. ஆண்டில் எத்தனை கிலோ எலக்ட்ரோடு வாங்கப்பட்டது, எத்தனை கிலோ தகடும் குழாயும் வழங்கப்பட்டன, அவற்றை மாணவர் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு எவ்வளவு வருகிறது என்று பார்த்தால், எந்த ஆய்வறிக்கையும் சொல்லாத செய்தி அங்கே கிடைக்கும். இயந்திரம் வாங்குவது ஒருமுறைச் செலவு. அதற்குத் திறப்பு விழாவும் உண்டு. எலக்ட்ரோடும் தகடும் வாரந்தோறும் தீரும் பொருள்கள். அவற்றுக்கு விழா எடுப்பவர் இல்லை. நுகர்பொருள்களுக்கான ஒதுக்கீடு குறைந்தாலும், காலம் தாழ்ந்து வந்தாலும், பயிற்றுநர் இருப்பதைச் சிக்கனமாகப் பங்கிடுவார். பத்துப் பேர் பற்றவைக்க, பத்துப் பேர் வேடிக்கை பார்ப்பார்கள். வேடிக்கை பார்த்தவரும் வருகைப் பதிவேட்டில் 840 மணி நேரம் பெற்றவரே.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மாணவர் பற்றவைத்த துண்டை வெட்டி, வளைத்து, உடைத்துக் காட்டும் வழக்கம் எத்தனை இடங்களில் இருக்கிறது? வெளியே அழகாக, சீரான அலைகளுடன் தெரியும் ஒரு வெல்டின் உள்ளே கசடு சிக்கியிருக்கலாம், இணைப்பின் அடியாழமான வேர்ப்பகுதி உருகிச் சேராமல் இருக்கலாம். அதை மாணவர் தம் கண்ணால் காணும்வரை, அழகாக இருப்பதே நல்ல வெல்ட் என்றே நம்பிக்கொண்டிருப்பார். 1975-ல் திருச்சியில் பெல் வளாகத்தில் தொடங்கிய பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் சோதனை என்பது பயிற்சியின் அன்றாடப் பகுதி. ஐ.டி.ஐ.க்கு எக்ஸ்-கதிர்க் கருவி தேவையில்லை. ஒரு வைஸும் சுத்தியலும் கண்ணுக்குத் தெரியாத மேற்பரப்பு வெடிப்பைச் சாயம் ஊறவைத்துக் காட்டும் சாய உட்புகு சோதனைக்கான சில குப்பிகளும் போதும். குறை தன் கண்ணில் பட்ட பிறகு மாணவர் கேட்கும் கேள்விகள் வேறாக இருக்கும்.

தமிழ்நாடு அரசு 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களை, டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் சேர்ந்து, ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய்த் திட்டத்தில் கணினியும் தானியங்கி இயந்திரங்களும் இணைந்த உற்பத்தியைக் குறிக்கும் ‘தொழில் 4.0’ தரத்துக்கு உயர்த்தியிருக்கிறது. ரோபோ, கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரம், முப்பரிமாண அச்சு போன்றவற்றை முன்பு தொழிற்சாலையின் கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால்கூடப் பார்த்திராத பிள்ளைகள் இன்று இயக்கிப் பார்க்கிறார்கள் என்பது மதிக்கத்தக்க மாற்றம். இருந்தாலும் மேலே சொன்ன கணக்கு புதிய இயந்திரத்துக்கும் பொருந்தும்: ஒருவருக்கு எத்தனை மணி நேரம்? ரோபோ பற்றவைத்ததைச் சரிபார்க்க வேண்டியவருக்கும், நல்ல வேர்ப்பகுதி எப்படியிருக்கும் என்று முன்பே கையால் செய்து தெரிந்திருக்க வேண்டும்.

கற்பிப்பவரும் சோதிப்பவரும்

பயிற்றுநருக்கு இரண்டு அறிவு தேவை: தொழில் செய்யத் தெரிவது, செய்யத் தெரிந்ததைப் பிறருக்கு வரவழைப்பது. இரண்டாவதற்காகவே கைவினைப் பயிற்றுநர் பயிற்சித் திட்டம் என்ற ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. சென்னை கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிறுவனம் அதை நடத்தும் இடங்களில் ஒன்று. முதலாவது அறிவுதான் மெல்லத் தேய்கிறது. பணியில் சேர்ந்தபின் பதினைந்து ஆண்டுகள் தொழிற்சாலைப் பக்கமே போகாத பயிற்றுநர், தாம் கற்ற காலத்து நடைமுறையையே கற்பிப்பார். அது அவர் குற்றமல்ல, அவரைத் திரும்ப அனுப்ப ஏற்பாடு செய்யாதவர்களின் குற்றம். நிரப்பப்படாத பணியிடங்களும், ஆண்டுக்கு ஆண்டு நீட்டிக்கப்படும் தற்காலிகப் பணியும் இதை மேலும் மோசமாக்குகின்றன.

இனி, தேர்வு. தேசிய தொழிற்சான்றிதழுக்குச் செய்முறையிலும் தொடர்மதிப்பீட்டிலும் குறைந்தது 60 விழுக்காடும், பிற பாடங்களில் 33 விழுக்காடும் பெற வேண்டும். அதாவது கைவேலைக்கு உயர்ந்த வரம்பு, ஏட்டுக்குத் தாழ்ந்த வரம்பு, அமைப்பு சரியானதே. பாடத் தேர்வு கணினிவழித் தேர்வாக மாறிவிட்டது. அங்கே ஆள்மாறாட்டத்தையும் சிட்டையையும் ஓரளவு தடுக்கலாம். ஆனால் உயர்ந்த வரம்பு வைக்கப்பட்டுள்ள செய்முறையை மனிதர்தான் மதிப்பிட வேண்டும். வெளித் தேர்வாளர் வருவார் என்பது விதி. தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் நிலையத்துக்குக் கெட்ட பெயர், சேர்க்கை சரியும், தனியார் நிலையமாயின் வருமானமும் போகும். இந்நிலையில் தேர்வாளரை வரவேற்று, மேசை போட்டு, தேநீர் கொடுக்கும் நிலையத்துக்கே அவருடைய மதிப்பெண்ணால் லாபமோ நட்டமோ என்றால், எவ்வளவு நேர்மையானவருக்கும் கை சற்று இளகும்.

இது கற்பனை அச்சம் அன்று. ஐ.டி.ஐ.கள் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளில் மெல்ல வளர்ந்து சில ஆயிரங்களை எட்டின; 2007-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் மட்டும் 9,000-க்கும் மேற்பட்ட தனியார் நிலையங்கள் சேர்ந்தன. இத்தனை வேகத்தில் அங்கீகாரம் வழங்கும்போது, ஒவ்வொரு பட்டறையையும் நின்று பார்த்து, இயந்திரத்தை ஓட்டிப் பார்த்து அனுமதிக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை. திறன் பயிற்சி அமைப்புகளை ஆராய சாரதா பிரசாத் தலைமையில் 2016-ல் அமைந்த குழுவும், பின்னர் தொழிலாளர் நலத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவும் இதைக் கடுமையாகவே குறிப்பிட்டன. அதன்பின் ஐ.டி.ஐ.களைத் தரவரிசைப்படுத்தும் முறை வந்தது. 2018 டிசம்பரில் அறிவிக்கப்பட்டு 2020-ல் செயல்படத் தொடங்கிய தேசியத் தொழிற்கல்வி, பயிற்சிக் குழுமம், சான்றிதழ் வழங்கும் அமைப்புகளையும் மதிப்பிடும் முகமைகளையும் இரண்டு தனி வகைகளாக அங்கீகரிக்கிறது. கொதிகலன் சான்றிதழின் ரகசியம் இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது: சொல்லிக்கொடுத்தவர் சோதிப்பதில்லை.

ஜெர்மனி இதை வேறு வழியில் சாதித்திருக்கிறது. அங்கே 1969-ன் தொழிற்பயிற்சிச் சட்டத்தின்கீழ் அங்கீகரிக்கப்பட்ட தொழில்கள் ஏறத்தாழ 330 உள்ளன. பயிலுபவர் வாரத்தில் மூன்று நான்கு நாள் ஒரு நிறுவனத்திலும், மீதி நாள் தொழிற்பள்ளியிலும் கற்கிறார். தொழிலைப் பொறுத்து இரண்டு முதல் மூன்றரை ஆண்டு வரை இது தொடர்கிறது. இறுதித் தேர்வை நிறுவனமும் நடத்துவதில்லை, பள்ளியும் நடத்துவதில்லை. வட்டாரத் தொழில் வணிகச் சங்கமோ கைவினைச் சங்கமோ நடத்துகிறது. தேர்வுக் குழுவில் முதலாளிகள் தரப்பு, தொழிலாளர் தரப்பு, தொழிற்பள்ளி ஆசிரியர் என மூவரும் இருக்க வேண்டும் என்பது சட்டம். முதலாளி தரப்பு தேர்ச்சியை எளிதாக்க விரும்பாது, ஏனெனில் நாளை அந்த ஆளை வேலைக்கு எடுக்கப்போவது அவர்களே. தொழிலாளர் தரப்பு தகுதியற்றவரைத் தேற்றித் தங்கள் தொழிலின் மதிப்பைக் குறைக்காது. ஆசிரியர் பாடம் முழுமையாக வந்ததா என்று பார்ப்பார். ஒருவரின் சாய்வை மற்றவர் ஈடுகட்டுகிறார். ஜெர்மன் முறையை இந்தியாவில் அப்படியே நட்டுவிடலாம் என்று அவ்வப்போது எழும் பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. நூறாண்டுக்கு மேல் பழகிய தொழிற்சங்க, வணிகச் சங்கப் பண்பாடு அதன் வேர். மூவர் தேர்வுக் குழு என்ற ஒன்றை மட்டும் ஒரு மாவட்டத்தில், ஒரு தொழிலுக்குச் செய்துபார்க்கத் தடையேதும் இல்லை.

பட்டறைக்கு வெளியே

வேலையிடத்திலேயே தொழில் பழகும் ‘அப்ரண்டிஸ்’களுக்கான தொழிற்பழகுநர் சட்டம் 1961-லிருந்து இருக்கிறது. இன்றைய விதிகளின்படி 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களை எடுக்க வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவருக்கு இதுவே உண்மையான பாலம். இதை முடித்தால் தேசிய தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். ஆனால் பழகுநருக்கும் மலிவுக் கூலியாளுக்கும் உள்ள வேறுபாடு பல தொழிற்சாலைகளில் மங்கிப்போய் இருப்பது வெளிப்படை. எடுத்த நாளிலிருந்து விடுவிக்கும் நாள்வரை ஒரே கன்வேயரில் ஒரே திருகை முடுக்கியவர் பழகுநர் அல்லர். பிரிவு பிரிவாகச் சுழற்சியில் அனுப்பப்பட்டாரா, வாரந்தோறும் எழுதி மேற்பார்வையாளர் கையொப்பமிட்ட குறிப்பேடு இருக்கிறதா, பொறுப்பான ஒரு மூத்த தொழிலாளி பெயர் சொல்லி நியமிக்கப்பட்டாரா என்ற மூன்றும் இருந்தால் அது பயிற்சி. ஐ.டி.ஐ.யும் தொழிற்சாலையும் காலத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் இருமுறைப் பயிற்சித் திட்டத்துக்கும் இதே அளவுகோல் பொருந்தும்.

முறையான பயிற்சியே இல்லாமல், பட்டறையில் மாமாவிடமோ மேஸ்திரியிடமோ தொழில் கற்றவர்களைப் பற்றியும் ஒரு சொல். அவர்களுக்கு முன்கற்றலை அங்கீகரித்துச் சான்றிதழ் வழங்கும் முறை இந்தியாவிலும் உண்டு. இலங்கையின் ஏழு நிலைகள் கொண்ட தேசிய தொழில் தகைமைக் கட்டமைப்பிலும் உண்டு. கொள்கை நல்லது. இருபது ஆண்டு இரும்புக் கேட் செய்தவரை மறுபடியும் முதல் வகுப்பில் உட்காரவைப்பது அநியாயம். அதே சமயம், ஒரே நாள் முகாமில் விளக்கவுரை கேட்டு, படம் எடுத்துக்கொண்டு, சான்றிதழ் வாங்கிச் செல்வதாக அது சுருங்கினால், அவருடைய இருபது ஆண்டு அனுபவத்துக்கே அது அவமதிப்பு. அவர் முன்னால் ஒரு தகட்டை வைத்து, பற்றவைக்கச் சொல்லி, அதை வளைத்துப் பார்ப்பதே அவருக்கு மரியாதை.

வேலைக்குத் தயார்ப்படுத்துதல் என்ற பெயரில் ஆங்கிலம், நேர்காணல், தன்விவரக் குறிப்பு ஆகியவற்றுக்குத் தனி வகுப்புகள் நடக்கின்றன. தமிழ்நாட்டில் 2022 மார்ச் முதல் நடந்துவரும் ‘நான் முதல்வன்’ திட்டமும் இத்தகைய திறன்களுக்கு இடமளிக்கிறது. இவை வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கிராமத்திலிருந்து வரும் பிள்ளைக்கு மேலாளர் முன் நிமிர்ந்து பேசும் துணிவு ஒரு சிறு செய்தி அல்ல. ஆனால் தொழிற்சாலை மேற்பார்வையாளர்களிடம் கேட்டால், அவர்கள் குறைப்படுவது பெரும்பாலும் வேறு. வரைபடத்தில் புரியாததைக் கேட்காமல் ஊகித்துச் செய்வது, பிழை நேர்ந்தால் சொல்லாமல் மறைப்பது, அளவுக் கருவியைத் துடைக்காமல் வைப்பது, கண்ணாடி அணியாமல் கிரைண்டர் முன் நிற்பது, சம்பளம் வந்த மறுநாள் சொல்லாமல் நின்றுவிடுவது. இவற்றுக்கு விரிவுரை மருந்தாகாது. காலை மணிக்குப் பட்டறை திறக்கிறதா, பாதுகாப்புக் காலணி இல்லாதவரை உண்மையிலேயே திருப்பி அனுப்புகிறார்களா, கெட்டுப்போன துண்டைக் கொண்டுவந்து காட்டும் மாணவரைத் திட்டாமல் காரணம் கேட்கிறார்களா என்பதிலிருந்துதான் இவை வரும். ஐ.டி.ஐ.யின் தொடர்மதிப்பீட்டில் பாதுகாப்பு உணர்வு, வருகை, குழுவாக வேலை செய்தல் ஆகியவற்றுக்கு மதிப்பெண் உண்டு. அம்மதிப்பெண் எல்லோருக்கும் ஒரேபோல இடப்படும் இடத்தில், தனி வகுப்பு எத்தனை மணி நேரம் நடந்தாலும் பயன் குறைவே.

முடித்தபின் என்ன ஆனார்கள்

தரத்தின் கடைசி அளவு, படித்து முடித்தவர் எங்கே இருக்கிறார் என்பது. இங்கேதான் நாம் மிக எளிதாக ஏமாறுகிறோம். வேலைவாய்ப்பு முகாமில் வழங்கப்பட்ட பணி ஆணைகளின் எண்ணிக்கையையே பெரும்பாலான நிலையங்கள் வெளியிடுகின்றன. பணி ஆணை பெற்றவர் சேர்ந்தாரா என்பது அதில் தெரியாது. சேர்ந்தவர் மூன்று மாதத்தில் விலகினாரா என்பதும் தெரியாது. வெல்டருக்குப் படித்தவர் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலையில் இருந்தால் அதுவும் வேலைவாய்ப்புக் கணக்கில் சேரும். மேலும், ஊரில் தொழில் செழித்திருக்கும் ஆண்டில் சுமாரான நிலையத்தின் மாணவர்களுக்கும் வேலை கிடைக்கும். மந்தமான ஆண்டில் நல்ல நிலையத்தின் மாணவர்களும் காத்திருப்பார்கள். ஆகவே இந்த எண்ணைத் தனியே வைத்து ஒரு நிலையத்தைப் புகழ்வதும் பழிப்பதும் முறையன்று. ஒரே வட்டாரத்தில், ஒரே தொழிற்பிரிவில், ஒரே ஆண்டில் முடித்தவர்களை, முடித்து ஓராண்டு கழித்து ஒப்பிட வேண்டும்: படித்த தொழிலில் இருக்கிறார்களா, எவ்வளவு சம்பளம், எத்தனை நிறுவனம் மாறினார்கள், ஏன்.

பிள்ளையைச் சேர்க்கும் முன் ஒரு நிலையத்தைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு இவ்வளவு தரவு கிடைக்காது. அவர்கள் சேர்க்கை விழா நாளில் போகாமல், செய்முறை வகுப்பு நடக்கும் ஒரு சாதாரணப் பிற்பகலில் போவது நல்லது. எத்தனை இயந்திரத்தில் மாணவர் நிற்கிறார், எத்தனை உறை போர்த்திக் கிடக்கிறது என்று பார்க்கலாம். இரண்டாமாண்டு மாணவர் ஒருவரிடம், கடைசியாக எந்த வேலையைச் செய்தாய், அதை யார் அளந்து பார்த்தார் என்று கேட்கலாம். அதே பிரிவில் சென்ற ஆண்டு முடித்த இரண்டு மூன்று பேரின் தொலைபேசி எண்களை அலுவலகத்தில் கேட்கலாம். எண்கள் உடனே கிடைத்தால் நிலையம் தன் மாணவரை மறக்கவில்லை என்று பொருள். கிடைத்த எண்ணில் அழைத்து, எங்கே வேலை, என்ன வேலை, அங்கே போனபின் மறுபடியும் முதலிலிருந்து கற்க வேண்டியிருந்ததா என்று விசாரித்துவிட்டு விண்ணப்பத்தை நிரப்பலாம்.